டோக்கனைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

ரயில்வே சிக்னல் பிரிவில் நான் வேலை பார்த்த நாட்களில், ஒற்றைப் பாதைகளில் நீல்ஸ் பந்து டோக்கன் கருவி இருந்தது. பந்து கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அடுத்த ஸ்டேஷனில் அதை வாங்கிக் கருவிக்குள் போடும்வரை, இரு முனையிலும் இன்னொரு பந்து வெளியே வராது.

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் அந்தப் பந்து நினைவுக்கு வந்தது. பொதுக் கம்ப்யூட்டரில் கல்லூரி மாணவி ஒருத்தி, தான் எழுதிய புரோகிராமை 'கிட்' வழியாக 'கிட்ஹப்'பில் சேர்க்க முயன்றாள். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. கூடவே, வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன ஒரு பையனின் பெயரும் வந்தது.

"என் பேரையும் ஈமெயிலையும் மாத்திட்டேன் அங்கிள், இன்னும் அவர் பேரே வருதே!" என்றாள்.

பெயரும் ஈமெயிலும் நாம் இடும் கையெழுத்து மட்டுமே. கதவைத் திறக்கும் சாவி வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜ'ரைத் திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் கிட்ஹப் முகவரியோடு இருந்த பதிவை நீக்கினோம். மறுமுறை கம்ப்யூட்டர் அவளையே யார் என்று கேட்டது. வேலை முடிந்தது.

பாதி வேலைதான் முடிந்தது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, டோக்கன் வேண்டும். நாங்கள் அழித்தது இங்கிருந்த பிரதியை. டோக்கனையே செல்லாததாக்க, அதன் சொந்தக்காரர் தன் கணக்கில் நுழைந்து ரத்து செய்ய வேண்டும்.

அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். "அங்க யாரு அங்கிள் அதை எடுக்கப் போறாங்க?" என்று சிரித்தான். "அந்த நாற்காலியில் உட்காருகிற யாரும் உன் பெயரில் உன் வேலையை மாற்றலாம். பழி உனக்குத்தான் வரும்" என்றேன். சிரிப்பு நின்றது. அன்றிரவே ரத்து செய்துவிட்டான்.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் வாங்கினோம், உறை போட்டோம். பொறுப்பு ஒப்படைக்க ஒரு முறை வைத்தோமா? "பிள்ளைகளைத் தொடவிடாமல் பூட்டி வையுங்கள்" என்கிறார்கள் சிலர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை எங்கே போகும்?

ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் கணக்கு கொடுப்போம். ஒருவர் சேமித்த சாவி அடுத்தவருக்குப் போகாது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். ஊரை விட்டுப் போகிறவர், சாவியை அழித்து, டோக்கனை ரத்து செய்து கையெழுத்திடட்டும்.

மாற்றலாகி மாற்றலாகி வாழ்ந்த குடும்பங்கள் நாம். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்காமல் எந்த ஊரை விட்டும் நாம் கிளம்பியதில்லை. இந்தச் சாவியும் அப்படித்தான் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.