எவ்வளவு கொடுக்கும்?

குறிஞ்சிப்பாடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று சொன்னால் நம்புவோர் குறைவு. கைலி நெசவுக்கும், கடலூர் விருத்தாசலம் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையத்துக்கும் உரிய ஊர் அது. ஆயினும் இருக்கிறது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, தரையோடு தாழ்ந்த உடல். அதன் உரிமையாளர் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லாடி ஓய்வுபெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் வீடு கட்டிக்கொண்டவர். எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நூல்களை அந்தக் காரின் பின்பெட்டியில் திணிக்க முடியாமல் நாங்கள் தவித்ததுண்டு. காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பின்னால் வரும் கணக்கைப் படித்துவிட்டு யாரும் அதன்மேல் பழி போட வேண்டாம்.

அந்தக் கார் தேநீர்க் கடை முன் நின்றால் கூட்டம் கூடும். தறிக்காரர், மணல் லாரி ஓட்டுநர், பள்ளிக்கூடப் பையன் என்று யார் வந்தாலும் கேள்வி ஒன்றே: "சார், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" நண்பர் முகம் சுளிப்பார். அது எத்தனை வேகம் போகும், எவ்வளவு நொடியில் நூறைத் தொடும் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். எந்த ஊர்தியைக் காட்டினாலும் இந்தியன் இதைத்தான் கேட்பான் என்று சிரித்த கார் விளம்பரம் ஒன்று 2010ஆம் ஆண்டையொட்டித் தொலைக்காட்சியில் வந்தது. நாங்களும் அப்போது சிரித்தோம். இன்று சிரிக்க மாட்டோம். ஸ்போர்ட்ஸ் காரிடம் கேட்கத்தக்க கேள்விகளுள் இதுவே முதன்மையானது என்பது எங்கள் கட்சி. தேநீர்க் கடையில் கேட்பவர் சரியாகவே கேட்கிறார். பதில் சொல்பவர்தான் பெரும்பாலும் பொய் சொல்கிறார்.

முதலில் ஒரு சிறு கணக்கு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் காரை 20 கொடுக்குமாறு செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சமாவது 12.5 லிட்டர். 8 கொடுக்கும் காரை வெறும் 10க்கு உயர்த்தினால் மிச்சம் 25 லிட்டர், சரியாக இருமடங்கு. நான்கு கூடியதைவிட இரண்டு கூடியது பெரிது. ஐரோப்பியர் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்கு வைப்பதால் இது அவர்கள் கண்ணில் உடனே படும். நம் முறையில் மறைந்துகொள்கிறது. அதிகம் குடிக்கும் வண்டியிலேதான் அளவெடுப்பதன் பயன் அதிகம். "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவனுக்கு மைலேஜ் எதற்கு" என்ற வாதம் இந்த இடத்தில் நொண்டியடிக்கிறது.

நம் நாட்டில் வேகமும் சிக்கனமும் எதிரிகளாக இருந்ததும் இல்லை. கோவை கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியைச் செய்தார். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற திறந்த மேனிக் காருக்கு 1.2 லிட்டர் ரெனோ எஞ்சின்தான். கையில் உள்ள சிறு எஞ்சினை வைத்துப் பெரிய ஆசையை ஓட்டிப் பார்த்த மரபு இது.

அளப்பது எப்படி? காரின் திரை காட்டும் எண்ணை நம்பக் கூடாது. அது பெட்ரோலை நேரே அளப்பதில்லை. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் ஊசி எத்தனை நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் உரிமையாளருக்கு இதமாகவே அமையும். நிறுவனம் சொல்லும் எண்ணும் நம் சாலைக்கு உரியதன்று. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற ஆய்வகங்களில் வண்டி உருளைகளின்மேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது, ஏசி அணைக்கப்பட்டிருக்கும், வேகம் 90ஐத் தாண்டாது. அங்கும் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் வெளிவரும் கரியைக் கொண்டு எரிந்த எரிபொருளைக் கணக்கிடுகிறார்கள். நுட்பமான முறை, ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட உதவும். ஆனால் வடலூர் நாற்சந்தியில் தைப்பூசக் கூட்டத்துக்கிடையே முதல் கியரில் ஊர்ந்தவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மிஞ்சுவது நோட்டுப் புத்தகம். டேங்கைக் குழாய் தானே நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். மீண்டும் அதே பம்பில் அவ்விதமே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். குழாய் சற்று முன்னே நிற்கலாம், பின்னே நிற்கலாம். ஒரு லிட்டர் பிசகினால், பத்து லிட்டர் போட்டவனுக்கு அது நூற்றுக்குப் பத்துப் பிழை. நாற்பது லிட்டர் போட்டவனுக்கு இரண்டரை. பல நிரப்பல்களைத் தொடர்ச்சியாகக் கூட்டிக்கொண்டே போனால் இடைப்பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலும் கடைசியும் மட்டுமே மிஞ்சும். பெட்ரோல் வெப்பத்தில் விரியும் என்பதும் நினைவிலிருக்கட்டும்: பத்து டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. இன்னொன்று, சராசரி எடுப்பதில் படித்தவர்களே தவறுகிறார்கள். நூறு கிலோமீட்டர் 8 வீதமும் நூறு கிலோமீட்டர் 16 வீதமும் ஓடியவனுக்குச் சராசரி 12 அன்று, 10.7தான். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

எங்கள் நண்பருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நெய்வேலி எரிபொருளை நிறுத்தும் அளந்தும் வாழும் ஊர். 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாள் முதல், எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அகற்றினால் ஒரு டன் பழுப்பு நிலக்கரி, எத்தனை கிலோ எரித்தால் ஒரு யூனிட் மின்சாரம் என்பதுதான் அங்கே பேச்சு. ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட். (அந்த ஒரு யூனிட்டில் சிறிய மின்சாரக் கார் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடிவிடும். நண்பருடைய மகன் அதைச் சொல்லித்தான் அப்பாவின் காரை விற்கச் சொல்கிறான். அது வேறு சண்டை.) குறிஞ்சிப்பாடித் தறிக்காரருக்கும் இந்தக் கணக்கு அந்நியமில்லை. எடை போட்டு வாங்கிய நூலுக்கும் எடை போட்டுக் கொடுத்த துணிக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

வேகத்தின் உச்சமான ஃபார்முலா ஒன் பந்தயமே இன்று எரிபொருள் கணக்கால் ஆளப்படுகிறது. பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புவதை 2010இல் தடை செய்தார்கள். 2014இல் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பாயக் கூடாது என்று விதித்தார்கள். நூறு கிலோ என்பது ஏறத்தாழ 133 லிட்டர், முந்நூற்றைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும், லிட்டருக்கு 2.3 என்று ஆகிறது. அவ்வாண்டின் முதல் பந்தயம் ஆஸ்திரேலியாவில். இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கியார்டோவின் வண்டிக்குள் எரிபொருள் வரம்பு மீறிப் பாய்ந்தது என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். ரெட் புல் அணி அதை ஏற்கவில்லை. நிர்வாகம் தந்த அளவுமானி பிழையானது, தங்கள் கணக்கே சரி என்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. பந்தயம் ஓடியது காரோட்டி; தீர்ப்பை எழுதியது ஒரு சிறு அளவுமானி. யாருடைய அளவை நம்புவது என்ற அந்தக் கேள்வி எங்களிடமே திரும்பி வரும் என்று அப்போது நாங்கள் எண்ணவில்லை.

2025இல் எத்தனால் பெட்ரோல் குறித்து நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 2022இல் நூற்றுக்குப் பத்தை எட்டிய கலப்பு, 2025இல் இருபதாகிவிட்டிருந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் குறையும் என்பதில் மர்மமே இல்லை. நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே பழைய வகைக் கார்களில் நூற்றுக்கு 6 முதல் 7 வரை குறையலாம் என்று மதிப்பிட்டிருந்தது. எங்கள் நண்பர் கொதித்தார். "எட்டு சதவீதம் போச்சு சார், நோட்டு இருக்கு" என்று ஒரு நீண்ட கட்டுரையை எழுதிக்கொண்டு வந்து இங்கே வெளியிடச் சொன்னார். 2016 முதல் 2021 வரை சராசரி 12.1, இப்போது 11.1. வகுத்துப் பார்த்தால் எட்டுக்குச் சற்று மேல்.

நாங்கள் நோட்டைக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு வரியிலும் ஓடோமீட்டர் எண் ஒரு பக்கம், நிரப்பலுக்கு நிரப்பல் ஓடிய தூரம் இன்னொரு பக்கம். தூரங்களையெல்லாம் கூட்டினால் அந்த ஆறு ஆண்டுகளுக்கு 10,320 கிலோமீட்டர். ஓடோமீட்டரின் முதல் எண்ணைக் கடைசி எண்ணிலிருந்து கழித்தால் 11,460. நடுவே 1,140 கிலோமீட்டரைக் காணோம்.

கேட்டோம். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மிதித்து ஓட்டிய நாட்களை அவர் எழுதவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தள்ளும் காற்று, 100இல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசையோடு தள்ளும். அந்நாட்களில் மைலேஜ் "ஏழு, எட்டு இருக்கும்" என்றார். எழுதினால் மனைவி பார்ப்பார், மகன் பார்ப்பான், தானும் பார்க்க வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற பின் முழங்கால் வலி, மிதிப்பது நின்றுவிட்டது, நோட்டும் முழுமையாகிவிட்டது. காணாமற்போன தூரத்தை ஏழரை வீதம் சேர்த்துப் பார்த்தோம். பழைய சராசரி 12.1 அன்று, 11.4. வீழ்ச்சி எட்டும் அன்று, மூன்றுக்கும் குறைவு. அதிலும் இப்போதைய நிதானமான ஓட்டம் ஒரு பங்கு இழப்பை மறைத்திருக்கும். எத்தனாலின் பங்கு இவ்வளவு என்று இந்த நோட்டை வைத்து இனி யாரும் சத்தியம் செய்ய முடியாது.

கட்டுரையை வெளியிட மறுத்தோம். இதனால் எத்தனாலால் இழப்பில்லை என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. வெப்பம் குறைந்த சரக்கை அதே லிட்டர் விலைக்கு விற்பது நியாயமன்று. பம்பில் அடர்த்தியை எழுதி வைப்பதுபோல் எத்தனால் விகிதத்தையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். பழைய வண்டிக்காரருக்குக் கலப்புக் குறைந்த பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் வெட்கப்பட்ட பக்கங்களை விட்டுவிட்டு எழுதிய நோட்டோடு போய்க் கேட்க முடியாது. எதிரில் இருப்பவர்களிடமும் நோட்டு இருக்கிறது; அவர்கள் எந்தப் பக்கங்களை விட்டார்கள் என்று கேட்பதற்கு முதலில் நம் நோட்டு முழுமையாக இருக்க வேண்டும். தேநீர்க் கடையில் அவர் எல்லோருக்கும் சொன்ன பதில் எப்போதும் "பன்னிரண்டு". அந்தப் பன்னிரண்டை இத்தனை ஆண்டுகள் நாங்களும் நண்பர்களிடம் பெருமையோடு சொல்லித் திரிந்திருக்கிறோம்.

இரண்டு மாதம் அவர் வட்டத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரிலேயே வந்தார். டேஷ்போர்டுப் பெட்டியில் மக்கிக் கிடந்த பெட்ரோல் ரசீதுகளைத் தேடி எடுத்திருக்கிறார். நோட்டின் ஓரங்களில், உரிய தேதிகளுக்கு நேரே, சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 7.3, 7.8, 6.9. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும், "மரக்காணம் வரை, மழை இல்லை" என்றிருந்தது.