யார் யாரைக் கழிச்சது?

கட்டுகஸ்தோட்டை சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு கொமியுனிகேஷன் இருக்கிறது. ஃபோட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், அதுகளுக்கு நடுவில் சுவரில் ஒரு டீவி. ஞாயிறு பின்னேரம் நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் இருப்போம். ரெஸ்லிங் பார்க்கிற வயசெல்லாம் உங்களுக்குத் தாண்டிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுக்குத்தானே கடைக்குப் போகிறோம்.

போன மாசம் ஏ.ஈ.டபிள்யூ. ஓடிக்கொண்டிருந்தது. சமோவா ஜோ நடந்து வந்தார். கவுண்டரில் இருந்த கடைக்கார அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அங்க கழிச்சு விட்டதெல்லாம் இங்க வந்துதான் பெரிய ஆளாகுது." எல்லாரும் சிரித்தோம். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஆறு வருஷம் ஒரு கார்மன்ட் பெக்டரியில் வேலை பார்த்தவன். இந்த வருஷம் ஒரு லைனை மூடியபோது அந்த லிஸ்டில் அவன் பெயரும் இருந்தது. ஊருக்குள் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? "அவனைக் கழிச்சு விட்டாங்களாம்." லைனை மூடிய கதையை யாருமே சொல்லவில்லை.

அன்றைக்கு அவன் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டான். அதனால்தான் இதை எழுதுகிறோம். ரெஸ்லிங் கதைதான், ஆனால் முழுக்க ரெஸ்லிங் கதையும் இல்லை.

முதலில் ஒரு பழைய சண்டை. 1996 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இப்போதைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வைக் கிண்டலடித்து ஒரு நாடகத் தொடர் போட்டது. அங்கே போய்ச் சேர்ந்த ஹல்க் ஹோகனையும் ரேண்டி சாவேஜையும் போல வேஷம் போட்ட இரண்டு கிழவர்கள். நடக்க முடியாது, மூச்சு வாங்கும். எங்கள் கழிவைத்தான் அவன் பொறுக்கி வைத்திருக்கிறான் என்பதுதான் அதன் அர்த்தம். அதே வருஷம் மே மாசத்தில் ஸ்காட் ஹாலும் கெவின் நேஷும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஐ விட்டுப் போனார்கள். ஜூலை 7ஆம் திகதி ஹோகன் அவர்களோடு சேர்ந்து வில்லன் ஆனார். டபிள்யூ.சி.டபிள்யூ. 83 வாரம் தொடர்ந்து ரேட்டிங்கில் முன்னுக்கு நின்றது. கிழவன் என்று சிரித்த கம்பெனி ஒன்றரை வருஷத்துக்கு மேலே இரண்டாம் இடத்தில் கிடந்தது.

அப்படியென்றால் அந்தக் கம்பெனியை மீட்டது யார்? 1995ல் கையில் காயத்தோடு வீட்டில் கிடந்தபோது டபிள்யூ.சி.டபிள்யூ. வேலையை விட்டு நிறுத்திய ஸ்டீவ் ஆஸ்டின். இவருக்கு மார்க்கெட் இல்லை என்று தள்ளிவிட்ட ஆள் 1998 மார்ச்சில் ரெஸில்மேனியாவில் பட்டம் வென்றார். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வையே மற்றவன் விலைக்கு வாங்கிவிட்டான். இவன் தள்ளியது அவனுக்குப் பொன், அவன் தள்ளியது இவனுக்குப் பொன். இதில் யாரைக் கழிவு என்று சொல்லப்போகிறீர்கள்?

ஆனால் "பார், ஜெயித்துக் காட்டினார்கள்" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ள எங்களுக்கு விருப்பம் இல்லை. ஜெயித்துக் காட்டாதவனுக்கு அது உதவாது. எங்கள் சண்டை அதற்கு முந்தின இடத்தில்.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். இது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிரிக்கெட்டில் ஒருத்தனை நீக்கினால் அவனுடைய சராசரியைக் காட்டலாம், இத்தனை இன்னிங்ஸில் இத்தனை ஓட்டம் என்று. ரெஸ்லர் தோற்கிறது கம்பெனி எழுதிக் கொடுத்த தோல்வி. வாரா வாரம் அவனைத் தோற்கடித்து, கோமாளி வேஷம் போட்டு, சனம் சிரிக்கிற மாதிரி வைத்துவிட்டு, கடைசியில் "இவனுக்குச் சனத்திடம் மதிப்பில்லை" என்று அனுப்புவார்கள். மதிப்பெண் போட்டவனும் அவன்தான், ஃபெயில் என்று சொல்கிறவனும் அவன்தான்.

இதற்கு எங்கள் வயசுக்காரர்களுக்கு மறக்காத ஒரு உதாரணம் த்ரீ மேன் பேண்ட். ஹீத் ஸ்லேட்டர், ட்ரூ மெக்கின்டையர், ஜிண்டர் மஹால். கையில் கித்தார் இல்லாமலே கித்தார் வாசித்துக்கொண்டு வருவார்கள், வந்து அடி வாங்கிப் போவார்கள். இதில் ட்ரூ யார் தெரியுமா? 2009ல் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேன் தானே மேடைக்கு வந்து, எதிர்காலச் சாம்பியன் இவன்தான் என்று கை காட்டிய ஆள். அந்த ஆளுக்குத்தான் பிறகு காற்றுக் கித்தார். 2014 ஜூன் 12ஆம் திகதி ட்ரூவையும் ஜிண்டரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். ஹீத் ஸ்லேட்டரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ட்ரூ ஸ்கொட்லாந்துக்குப் போய்ச் சின்ன மேடைகளில் ஆடினார். டோட்டல் நான்ஸ்டாப் ஆக்ஷன் என்ற கம்பெனியில், அதாவது டீ.என்.ஏ.யில், 2016ல் உலகப் பட்டம் எடுத்தார். 2017ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. திரும்பக் கூப்பிட்டது. 2020 ஏப்ரல் 5ஆம் திகதி, கொரோனா காலம், ஒரு மனுஷன் இல்லாத மண்டபத்தில் ப்ரொக் லெஸ்னரை வீழ்த்திப் பெல்ட்டைத் தூக்கினார். ஜிண்டர் அதுக்கும் முந்தி, 2017 மே மாசம் ரேண்டி ஓர்ட்டனிடமிருந்து அதே பெல்ட்டைப் பறித்தார். நவம்பரில் அதை அவரிடமிருந்து எடுத்த ஏ.ஜே. ஸ்டைல்ஸ் யார்? பத்து வருஷத்துக்கு மேலே டீ.என்.ஏ.யில் வளர்ந்தவர்.

வைத்துக்கொண்ட ஹீத் ஸ்லேட்டருக்கு உலகப் பட்டம் ஒரு நாளும் கிடைக்கவில்லை. ட்ரூ சாம்பியன் ஆகிப் பத்தாம் நாள், 2020 ஏப்ரல் 15, கொரோனாச் செலவைக் குறைக்கிறோம் என்று ஒரே நாளில் பலரை அனுப்பியபோது அவரும் போனார். ஜூலையில் ஒரு நாள் மட்டும் திரும்ப வந்து பழைய கூட்டாளி ட்ரூவோடு மோதித் தோற்றார். முடிவில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எழுதிக்கொடுத்த காட்சிதான். ஆனாலும் எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. யார் யார் என்று இங்கே சொல்ல மாட்டோம்.

இன்னொரு விஷயம், அனுப்புகிறபோது பெயரையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். டீன் அம்ப்ரோஸ் வெளியே வந்தால் ஜோன் மொக்ஸ்லி. ருசெவ் வெளியே வந்தால் மீரோ. டட்லி பாய்ஸ் டீ.என்.ஏ.க்குப் போனபோது டீம் த்ரீடி. பெயர் கம்பெனியின் சொத்து. கண்டி டவுனில் நடைபாதையில் ரிஜெக்ட் ஷேர்ட் வாங்கியவர்களுக்கு இது விளங்கும். கழுத்தில் லேபலை வெட்டியிருப்பார்கள். துணி அதே துணி, தையல் அதே தையல், எங்கேயோ ஒரு பொத்தான் தள்ளியிருக்கும். நாங்கள் அதைத்தான் பெருநாளுக்கும் போடுகிறோம், பொங்கலுக்கும் போடுகிறோம். அதைத் தைத்த ஆளுக்கு மட்டும் ரிஜெக்ட் என்று பெயர் வைக்கிறோம்.

மொக்ஸ்லியை யாரும் அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019ல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்க மாட்டேன் என்று அவரே வந்துவிட்டார். கோடி ரோட்ஸ் 2016ல் தானே கேட்டு விலகினார். 2019ல் ஏ.ஈ.டபிள்யூ. தொடங்கியவர்களில் ஒருவர், 2022ல் திரும்பினார், 2024ல் ரோமன் ரெய்ன்ஸை வென்றார். இவர்களையும் கழிச்சதில் சேர்த்துத்தான் அண்ணன் கதைக்கிறார். விட்டுப் போனவனும் விரட்டப்பட்டவனும் முதலாளி வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுக் கதையும் இல்லை. எங்கள் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன் இருக்கு, கட்டினால் விடுகிறோம் என்று எழுதிய சீட்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு போகும். சொல்லாமல் போனால் ஓடிப்போனவன், சட்டப்படி தண்டனை. 1921ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற ரெஸ்லரையும் லயத்துச் சனத்தையும் ஒரே தட்டில் வைக்கிறோமா என்று கேட்டால், இல்லை. அது பாவம். ஆனால் டபிள்யூ.டபிள்யூ.ஈ. தன் ஆட்களைச் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் ஈ.பி.எஃப். இல்லை, ஈ.டி.எஃப். இல்லை. சுயாதீனம் என்றாலும் வேறு மேடையில் ஏற முடியாது. அனுப்பிய பிறகும் முக்கிய மேடைக்காரர்களுக்கு வழமையாக 90 நாள் வேறு கம்பெனிக்குப் போகத் தடை. அந்த 90 நாளும் சம்பளம் கொடுக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வேண்டாம் என்று அனுப்பியவனை, வேறு எவனும் எடுக்கக் கூடாது என்று ஏன் பிடித்து வைக்க வேண்டும்? உதவாத சாமானுக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா?

அண்ணன் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 2010ல் ஹோகன் டீ.என்.ஏ.க்கு வந்தார். மார்ச்சில் நிகழ்ச்சியைத் திங்கட்கிழமைக்கு மாற்றி டபிள்யூ.டபிள்யூ.ஈ.யோடு நேருக்கு நேர் மோதினார்கள். மே மாசத்துக்குள் வியாழக்கிழமைக்கே திரும்பி ஓடினார்கள். அந்த நேரம் சாம்பியன் யார்? அதே ஏ.ஜே. ஸ்டைல்ஸ். அவருக்கு ரிக் ஃப்ளேர் மாதிரி பளபள அங்கி போட்டு, வந்த கிழவருக்குச் சீடன் ஆக்கி வைத்தார்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளையை நிழலில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்கு விளக்குப் பிடித்தார்கள். அந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் விளக்கை அங்கே திருப்பியது கதை எழுதியவர்கள். பிறகு வந்த ஒவ்வொருத்தர் மேலும் அதே பெயரை ஒட்டுவது என்ன ஞாயம்?

கிரிக்கெட்டில் நாங்கள் இப்படிக் கதைக்கிறதே இல்லை. வனிந்து ஹசரங்க எல்.பி.எல்.லில் 2020லும் 2021லும் யாழ்ப்பாணத்துக்கு ஆடினார், 2022ல் கண்டிக்கு வந்தார், 2023ல் கண்டி கிண்ணத்தை எடுத்தது. யாழ்ப்பாணம் கழிச்சு விட்டதை எடுத்திருக்கிறோம் என்று பல்லேகலவில் ஒரு குரல் கேட்டதா? வந்தவன் எங்கள் ஆள் என்றல்லவா பப்பரே பேண்ட் அடித்தோம்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு அண்ணனிடம் சொன்னோம். சமோவா ஜோவை 2021 ஏப்ரலில் ஒரு தரம், 2022 ஜனவரியில் இன்னொரு தரம், இரண்டு தரம் அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 30ஆம் திகதி ஏ.ஈ.டபிள்யூ.வில் உலகச் சாம்பியன் ஆனார் என்றும் சொன்னோம். "இரண்டு தரம் அனுப்பினா அப்ப கழிச்சதுதானே" என்றார். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ட்ரூ வருகிறபோது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார், அதையும் பார்த்துவிட்டோம்.

எங்கள் கூட்டாளி இப்போது ஒரு தையல் கடையில் பள்ளிக்கூட யூனிஃபோம் வெட்டுகிறான். ஞாயிறு இன்னும் கடைக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் ட்ரூவும் ஹீத்தும் கட்டிப்பிடித்த வீடியோவை அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. அரை மணித்தியாலம் கழித்து, "அடுத்த கிழமை என்ன மாட்ச்?" என்று கேட்டிருந்தான்.