மேற்பார்வையும் வேவும்

தொழில் கொடுப்போர் தம் பணியாளரை மேற்பார்வை செய்தல் முறையே. ஊதியத்துக்கேற்ற வேலையை எதிர்பார்ப்பதும், தொழிலின் இரகசியங்களைக் காப்பதும் குற்றமாகா. ஆயின், மேற்பார்வை வேறு, வேவு வேறு. பரீட்சை மண்டபத்தில் யாவருங் காண உலாவும் மேற்பார்வையாளரை மாணவர் வெறுப்பதில்லை. அவரே, ஒரு மாணவனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தை மறைவிலே பிரித்துப் படிப்பாராயின், அவரை மதிப்பார் யார்? கணினி வந்தபின் இவ்வேறுபாடு மங்கி வருகின்றது.

இன்று அலுவலகக் கணினிகளில் இடப்படும் கண்காணிப்பு மென்பொருள், பணியாளர் பார்த்த இணையத்தளங்களைக் குறித்துக்கொள்கின்றது. அழுத்திய விசைகளை எண்ணுகின்றது. இடையிடையே திரையைப் படம் பிடிக்கின்றது. 2020இல் கொரோனாத் தொற்றினால் அலுவலக வேலை வீட்டுக்கு வந்தபொழுது இக்கண்காணிப்பும் உடன் வந்தது.

ருமேனியா நாட்டிலே 2007ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. தனியார் கம்பனியொன்றில் விற்பனைப் பொறுப்பிலிருந்த பொறியியலாளர் ஒருவர், வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறுதற்கென யாகூ மெசஞ்சரிற் கணக்கொன்று வைத்திருந்தார். கம்பனிக் கணினியைச் சொந்த அலுவலுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அங்கு விதி. யூலை மாதத்திற் சில நாள்கள் அவருடைய உரையாடல்கள் பதிவு செய்யப்பட்டன. தொழிலுக்கே பயன்படுத்தியதாக அவர் எழுதிக்கொடுத்தபோது, 45 பக்கப் பிரதி அவர்முன் வைக்கப்பட்டது. சகோதரனுடனும் மணம் நிச்சயித்த பெண்ணுடனும் அவர் பேசிய அந்தரங்கங்களும் அதில் இருந்தன. ஓகஸ்ட் முதலாந் திகதி அவர் வேலை நீக்கப்பட்டார்.

ருமேனிய நீதிமன்றங்கள் கம்பனியின் பக்கமே நின்றன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2016இல் அவருக்கு மாறாகவே தீர்ப்பளித்தது. எனினும், அந்நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் கொண்ட பேராயம், 2017 செப்ரெம்பர் 5ஆந் திகதி, 11 பேர் ஒருபாலும் 6 பேர் மறுபாலுமாக நின்று, அவரது தனிவாழ்வுரிமை காக்கப்படவில்லை எனத் தீர்த்தது. கண்காணிப்பை அது முற்றாகத் தடுக்கவில்லை. முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு பார்க்கப்பட்டது, தக்க காரணம் உண்டா, இதனினும் மென்மையான வழி இல்லையா என ஆராய்தல் வேண்டும் என்றது. எந்த விதியும் பணியிடத்தில் ஒருவரின் தனிவாழ்வை அறவே இல்லாமற் செய்ய இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் அஞ்சுவானேன் என்பாருமுளர். வைத்தியருக்கு எழுதும் கடிதம் கள்ளமன்று. ஆயினும் அது மேலதிகாரி படித்தற்குரியதன்று. மேலும், வேவினால் வேலைதான் பெருகுகின்றதா? 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோலப் போலித்தோற்றம் உண்டாக்கினரென்று பத்துப் பேருக்கு மேற்பட்டோரை நீக்கியது. அவர் செய்தது பிழையே. ஆயின், விசையை அளவுகோலாக்கினால் விசையசைவே கிடைக்கும். வேலை கிடைப்பது உறுதியன்று.

வள்ளுவரும் வினைசெய்வாரை ஒற்றினால் ஆராயச் சொன்னாரன்றோ எனின், அது அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தோரைப் பற்றியது. அவ்வொற்றாடல் 59ஆம் அதிகாரம். அதற்கு முன்னர், 51ஆம் அதிகாரத்தில் ஆளை ஆராய்ந்து தெளியவும், 52ஆம் அதிகாரத்தில் தகுதியறிந்து வினையை ஒப்படைக்கவும் கூறினார். ஒற்றாடலுக்கு அடுத்து முன்நிற்பதோ கண்ணோட்டம். பிறரைப் பார்க்குங் கண்ணுக்கு இரக்கம் வேண்டும் என்பதை இம்முறைவைப்பிலிருந்து நாம் கற்கலாம்.

எமது நாட்டிலும் தனியாட்களின் தரவுகளைக் காத்தற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டது. ஆயினும், நல்லன செய்தற்குச் சட்டத்தின் வற்புறுத்தலை எதிர்பார்த்திருத்தல் வேண்டா. இக்கல்லூரியின் பழைய மாணவருள் பலர் இன்று பிறரிடம் வேலை வாங்கும் பதவியிலுள்ளனர். எது பார்க்கப்படும், எதற்காக, யார் பார்ப்பர், எத்துணைக் காலம் வைத்திருப்பர் என்பவற்றைப் பணியில் சேரும் நாளன்றே எழுத்திற் கொடுத்தல் அவர்தம் கடன். நாளை பணிக்குச் செல்லவிருக்கும் மாணவரும் அலுவலகக் கருவியை அலுவலுக்கே வைத்துக்கொள்ளல் வேண்டும். சொல்லிப் பார்ப்பது மேற்பார்வை. சொல்லாது பார்ப்பது வேவு. முன்னதற்கு அஞ்சவேண்டியதில்லை, பின்னதற்கு உடன்படவேண்டியதுமில்லை.