சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம், வாடகை எவ்வளவு என்று கேட்பதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் மகனோ மருமகனோ இருக்கிறவர்களும், போவதற்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

நம் ஊரில் ஒருவர் டுபாய்க்கோ கட்டாருக்கோ போகிறார் என்றால் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவாம்?" பதில் வந்த உடனே அதை ரூபாவுக்கு மாற்றிவிடுகிறோம். அந்த ரூபாக் கணக்கை வைத்துத்தான் மாப்பிள்ளை பேசுகிறோம், வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறோம், சீட்டுப் பிடிக்கிறோம், கடன் எடுக்கிறோம். அந்த மனிதர் இரவில் தலை சாய்க்கிற இடத்துக்கு மாதம் எவ்வளவு போகிறது என்ற கேள்வி அந்தப் பேச்சில் எங்குமே வருவதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் நம் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுகிறார். வாடகை என்றால் நமக்குக் கடை வாடகைதான் ஞாபகம் வரும். வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவர் பெரும்பாலும் மாற்றலாகி வந்த வெளியூர் உத்தியோகத்தராக இருப்பார். உழைப்பில் பாதியை வீட்டுக்காரரிடம் எண்ணிக் கொடுக்கிற வாழ்க்கை நம் மனக்கணக்கிலேயே இல்லை. சீதன வீடு சரியா பிழையா என்று பேச இப்போது வரவில்லை. அது வேறு பதிவு. ஆனால் தங்கச்சிக்கு வீடு கட்டப் போன காக்கா, அங்கே ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துப் படுக்கிறார். இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டில் வாடகை என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. 'பெட் ஸ்பேஸ்' என்பார்கள். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். மேல் தட்டு ஒருவருக்கு, கீழ்த் தட்டு இன்னொருவருக்கு. சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. கொஞ்சம் கூடக் கொடுத்தால் 'பார்ட்டிஷன்'. வரவேற்பறையைப் பலகையாலோ ஜிப்சம் தட்டியாலோ மறித்து, ஒரு கட்டிலும் ஒரு சூட்கேசும் வைக்கிற அளவுக்கு இடம் விடுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. விலைவாசி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இதை உதாரணமாக மட்டும் எடுங்கள். இரண்டு சகோதரர்கள் டுபாய் போகிறார்கள். மூத்தவருக்கு 3,500 திர்ஹம், தங்குமிடம் அவர் பொறுப்பு. இளையவருக்கு 2,500 திர்ஹம், தங்குமிடமும் வேலைக்குப் போய்வர வாகனமும் கம்பனி பொறுப்பு. ஊரில் யாருக்கு மரியாதை? மூத்தவருக்குத்தான்.

மூத்தவர் கட்டிலுக்கு 800, சாப்பாட்டுக்கு 600, பயணத்துக்கு 350 கொடுக்கிறார் என்று வைப்போம். மிச்சம் 1,750. இளையவர் சாப்பாட்டுக்கு மட்டும் அதே 600 கொடுக்கிறார். மிச்சம் 1,900. ஆயிரம் திர்ஹம் குறைவாக உழைக்கிற தம்பியின் கையில் 150 திர்ஹம் கூடுதலாக நிற்கிறது. ஊர்க் கணக்கில் தம்பி குறைந்தவர், உண்மைக் கணக்கில் காக்காதான் நெருக்கடியில் இருக்கிறார். "அவன் அனுப்புகிறான், நீ ஏன் அனுப்புறதில்ல?" என்று உம்மா போனில் கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்?

இது நம் கற்பனையில் மட்டும் இருக்கிற பிரச்சினை அல்ல. கட்டார் அரசாங்கம் 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அடிப்படைச் சம்பளத்தை 1,000 ரியால் என்று வைத்தது. தொழில் கொடுப்பவர் தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500 ரியாலும், சாப்பாடு தராவிட்டால் 300 ரியாலும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்றது. ஆக, அடிச்சம்பளக்காரர் ஒருவருக்குத் தலை சாய்க்கிற இடத்தின் பெறுமதி, அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்று சட்டமே கணக்கெடுத்திருக்கிறது. நாம்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வாடகையைக் குறைக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கிற நிலையும் இருக்கிறது. அனுமதியில்லாத பார்ட்டிஷன்களுக்கு எதிராக 2025 ஜூனில் டுபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா போன்ற பகுதிகளில் நடவடிக்கை எடுத்தது. தீ பிடித்தால் வெளியேற வழியில்லை என்பதுதான் காரணம். காரணம் நியாயமானது. ஆனால் தட்டிகளைக் கழற்றிய பிறகு அதற்குள் படுத்தவர்கள் கூடுதல் வாடகைக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. கம்பனி இடம் தந்தால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூன் 12ஆம் திகதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றி ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அது ஒரு கம்பனியின் ஊழியர்கள் தங்கியிருந்த இடம். ஆகவே இடம் தருவார்களா என்று மட்டும் கேட்டால் போதாது. எப்படிப்பட்ட இடம், ஓர் அறையில் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது குடும்பத்தை அழைப்பது. ஆசிரியர்களான எங்களுக்கு இது நேரடியாகத் தெரிகிற விடயம்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம். "விசா கிடைக்குமாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்க" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். விசா கிடைப்பது வேறு, வீடு கிடைப்பது வேறு. 4,000 திர்ஹம் உழைப்பவரின் முழு வருட வருமானம் 48,000. ஒரு சிறிய குடும்பத்துக்கான வீட்டின் வருட வாடகை 50,000 என்று வைத்தால், அவர் சாப்பிடாமல் இருந்தாலும் வாடகை கட்ட முடியாது.

சரி, 8,000 திர்ஹம் உழைக்கும் ஒருவரை எடுப்போம். ஒரு திர்ஹம் 80 ரூபா என்று வைத்தால் 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. ஊரில் அவர் பெரிய ஆள். அவர் அதே 50,000 திர்ஹம் வீட்டை எடுக்கிறார். அங்கே மாதா மாதம் கொடுக்கிற வழக்கம் குறைவு. வருட வாடகையைச் சில செக்குகளாகப் பிரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு செக் என்றால் முதல் செக் 12,500. தரகர் கூலி பொதுவாக 5 வீதம், அது 2,500. தளபாடம் இல்லாத வீட்டுக்கு வைப்புப் பணம் இன்னும் 5 வீதம், அது 2,500. மின்சாரம், தண்ணீருக்கு வைப்பு 2,000. சாவி கைக்கு வருவதற்கு முன்பே 19,500 திர்ஹம், நம் காசில் 15 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. வீட்டில் இன்னும் ஒரு பாய்கூட இல்லை.

பிறகு மாதக் கணக்கு. வாடகை மாதத்துக்கு 4,167 ஆகிறது. வருட வாடகையின் 5 வீதம் மாநகராட்சியின் வீட்டுக் கட்டணம், அது மின்சாரத் தண்ணீர் பில்லோடு மாதா மாதம் ஏறத்தாழ 208 என்று வரும். 8,000த்தில் கையில் நிற்பது 3,625. அதற்குள்தான் சாப்பாடு, பில், மருந்து, பயணம், பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் எல்லாம். அங்கே வெளிநாட்டவரின் பிள்ளைகள் பொதுவாகத் தனியார் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். ஊருக்கு அனுப்ப என்ன மிச்சம்? இதனால்தான் பலர் வாடகை குறைவான ஷார்ஜாவில் குடியிருந்து, டுபாய்க்கு நெரிசலில் போய் வருகிறார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை வீதியில் நேரமாகக் கட்டுகிறார்கள்.

சவூதியில் வேறொரு பாரம். வெளிநாட்டவர் தம்மோடு வைத்திருக்கும் குடும்ப அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் தொடங்கி, வருடத்துக்கு நூறு நூறாகக் கூடி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரியால். இது வாடகைக்கு மேலால். ரியாதில் வாடகை ஏறிய ஏற்றத்தில், 2025 செப்டெம்பரில் அந்நாட்டு அரசாங்கமே ஐந்து வருடங்களுக்கு அங்கே வாடகையைக் கூட்டக்கூடாது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

இதன் விளைவை நாங்கள் பாடசாலையில் பார்க்கிறோம். முதலாம் தவணையில் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை, அடுத்த வருடம் நடுத்தவணையில் திரும்பி வருகிறது. அங்கே ஆங்கிலத்தில் படித்த கணிதத்தை இங்கே தமிழில் விளங்க வேண்டும். வரலாறு விடுபட்டிருக்கும், தமிழ் எழுத்து தடுமாறும், பழைய கூட்டாளிகள் வேறு வகுப்புப் பிரிவில் இருப்பார்கள். "ஏன் மகன் திரும்பி வந்தீங்க?" என்றால் "வாப்பாவுக்கு வாடகை கூடிட்டு சேர்" என்று பிள்ளை பச்சையாகச் சொல்லிவிடும். பெரியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். தரம் 5 புலமைப்பரிசில் வருடத்திலும், சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு வருடங்களிலும் இப்படி இழுபடுகிற பிள்ளை இழப்பதைப் பிறகு டியூஷனால் நிரப்ப முடிவதில்லை.

குடும்பத்தைப் பிரிந்துதான் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாப்பா இல்லாத வீட்டில் பிள்ளை வளர்வதன் கஷ்டமும் எங்கள் வகுப்பறையில்தான் தெரிகிறது. கூட்டிப்போக முடிந்தவர்கள் கட்டாயம் கூட்டிப்போங்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: இரண்டு வருட வாடகையைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போகிறவர்கள் கையொப்பம் வைக்கும் முன் கேட்க வேண்டியவை:

1. தங்குமிடம் கம்பனி தருகிறதா, காசாகத் தருகிறதா? அது வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? ஏஜென்சிக்காரர் வாயால் சொன்னது அங்கே செல்லாது.

2. காசாகத் தந்தால், வேலை இடத்துக்குக் கிட்ட அந்தக் காசுக்கு ஓர் இடம் கிடைக்குமா? அங்கே ஏற்கெனவே இருக்கிற நம் ஊரவர் இரண்டு பேரிடம் விசாரியுங்கள்.

3. கம்பனி இடம் என்றால் ஓர் அறையில் எத்தனை பேர்? தூரம் எவ்வளவு? வாகனம் உண்டா?

4. நீங்கள் காசு கொடுக்கிறவர் உண்மையில் யார்? வீட்டுக்காரரா, அவரிடம் எடுத்து உங்களுக்குக் கூறுபோட்டு விடுகிறவரா? டுபாயில் வீட்டுக்காரரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மறுவாடகை விட முடியாது. பிரச்சினை வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்.

5. வீடு எடுத்தால் ஒப்பந்தம் பதியப்பட்டிருக்கிறதா? டுபாயில் அதற்கு 'இஜாரி', சவூதியில் 'ஈஜார்'. இஜாரி என்றால் அரபியில் 'என் வாடகை' என்றுதான் அர்த்தம். அந்தப் பதிவுதான் உங்கள் கையில் இருக்கிற ஆதாரம்.

ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். டுபாயில் வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையைக் கூட்ட முடியாது. ஒப்பந்தம் முடிய 90 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். உங்கள் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட எவ்வளவு குறைவோ அதற்கேற்ப 5 முதல் 20 வீதம் வரைதான் கூட்டலாம் என்பது 2013ஆம் ஆண்டின் சட்டம். சராசரியைவிட 10 வீதம் வரைதான் குறைவு என்றால் கூட்டவே முடியாது. ஒப்பந்தம் முடிந்தபின், விற்கப்போகிறேன், நானே குடிவரப்போகிறேன் என்ற காரணங்களுக்காக எழுப்புவதென்றால் 12 மாத முன்னறிவித்தல், அதுவும் நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபாலிலோ வர வேண்டும். ஒரு வட்ஸ்அப் மெசேஜுக்குப் பயந்து சாமான்களைக் கட்டாதீர்கள்.

ஊரில் இருக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தோடு "இருக்க இடம் கம்பனியா?" என்றும் கேளுங்கள். வீட்டுக்கு இரண்டாம் தட்டுக் கொங்கிறீட் போடுவதற்கு முன், அனுப்புகிறவர் எந்தத் தட்டுக் கட்டிலில் படுக்கிறார் என்று விசாரியுங்கள். பள்ளிவாசல் கட்டட நிதிக்கோ பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கோ பட்டியல் போடும்போது, "வெளிநாட்டுக்காரர்தானே" என்று பெரிய தொகையை எழுதாதீர்கள். அவர் வெட்கத்துக்காகக் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவார்.

உயர்தரம் படிக்கும் மாணவர்களுக்கு நாங்கள் வட்டி வீதமும் இலாப நட்டமும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறோம். இனி இந்தக் கணக்கையும் வகுப்பில் செய்து பார்ப்போம் என்று ஆசிரியர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். நீங்கள் வீட்டில் செய்யுங்கள். இன்றிரவு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை போன் எடுத்தால், காசு எப்போ வரும் என்பதற்கு முன்னால், "மகன், எங்க படுக்கிறீங்க, எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேளுங்கள். பதில் வர கொஞ்சம் தாமதமாகலாம். காத்திருந்து கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள், நீங்கள் இருக்கும் ஊரில் வாடகை நிலவரம் என்ன என்று கீழே எழுதுங்கள். போகப்போகிற தம்பிமாருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.