மடி காப்பாகுமா?

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையைப் பயின்றோர் அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம் என்பதை நன்கறிவர். செங்கீரையும் தாலும் சப்பாணியும் முத்தமும் அதன் பின்னரே வருவன. குழந்தை ஆடுதற்கும் பேசுதற்கும் முன்னர் அதனைக் காத்தல் வேண்டும் என்னும் கருத்தை நம் முன்னோர் நூலின் வைப்பு முறையிலேயே அமைத்துச் சென்றனர். தாம் அஞ்சிய இடர்களினின்றும் குழவியைக் காக்குமாறு அக்காலப் புலவர் தெய்வங்களை வேண்டினர். இக்காலக் குழவிக்கு நேரும் இடர்களுள் ஒன்றோ அவர் கனவிலும் கண்டறியாதது. அதுதான் மோட்டார் வண்டியின் விரைவு. அவ்விரைவினின்று குழவியைக் காத்தற்கென்றே அறிவுடையோர் தனியிருக்கை ஒன்றைச் செய்து தந்திருக்கவும், நம்மவருட் பலர் அதனை வேண்டாத பொருளென ஒதுக்கித் தாய்மடியே தக்க காப்பென்று வாளாவிருக்கின்றனர். இக்கொள்கை பெரும்பிழை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைக் கூற எனக்கு ஓர் உரிமையுண்டு. அப்பிழையைச் செய்தவருள் யானும் ஒருவன். என் தமக்கையின் மகனுக்கு எட்டுத் திங்கள் நிறைந்திருந்தபோது அவனுக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அவனுக்கெனக் குழந்தை இருக்கை ஒன்றை முன்னரே அனுப்பியிருந்தார். அஃது உறைகூடப் பிரிக்கப்படாமல் பரண்மேற் கிடந்தது. ஆராதனைக்குப் புறப்படும்போது அத்தான் அதனை நினைவூட்ட, எங்கள் பாட்டியார், “மாமன் மடி இருக்கும்போது பிள்ளையைக் கட்டிப்போட்டா கொண்டு போவீர்கள்?” என்றார். யானும் பெருமிதத்தோடு குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தேன். திரும்பி வருங்கால் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. அத்தான் சட்டென்று வண்டியை நிறுத்தினார். என்னை இருக்கை வார் பிடித்து நிறுத்தியது. குழந்தையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அவன் என் கைகளினின்று நழுவி முன்பலகையில் மோதினான். நெற்றியில் மூன்று தையல்களோடு எங்கள் திருவிழா முடிந்தது. இறைவன் அருளால் அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. அன்று வண்டி எதன்மீதும் மோதவில்லை. வெறுமனே நின்றது, அவ்வளவே. மோதியிருப்பின் என்னாகியிருக்கும் என்னும் எண்ணமே என்னைப் பல நாள் உறங்கவொட்டாமற் செய்தது.

என்னாகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டே காணலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கின்றது. வண்டி மோதி, ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரத்தில் உள்ளிருப்போர் விரைவு முற்றும் அடங்குவதாகக் கொள்வோம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை அப்போது கையாற் பிடித்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கவே தடுமாறும் கைகளுக்கு இது கைகூடுமோ? அவ்விரைவில் மோதுவது பத்து மீட்டர் உயரத்தினின்று, அஃதாவது மூன்றாம் மாடியினின்று, தரையில் வீழ்வதற்கு ஒப்பாகும். மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை அமர்த்த எந்தத் தாயும் ஒருப்படாள். அதனினும் குறைவில்லாத இடரில் அதனை நாள்தோறும் அமர்த்துகின்றோம். குழந்தையையும் தம்மையும் ஒரே வாரினாற் சேர்த்துக் கட்டிக்கொள்வாரும் உளர். இஃது இன்னுங் கொடிது. மோதலின்போது பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின்மேல் அழுந்தி அதனை நசுக்கிவிடும்.

மடியை நம்பும் மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் அயராது முயன்றதன் பயனாகக் குழந்தைகளுக்குக் காப்பிருக்கை வேண்டுமென்னும் சட்டம் 1977-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1978 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவது அதுவே. ஆயினும், பெற்றோர் கையில் ஏந்திய குழந்தைக்கு விலக்கு உண்டு என்று சட்ட மன்றத்தார் ஒரு சலுகையையும் அதனுள் நுழைத்துவிட்டனர். அச்சலுகையை எதிர்த்தோர் அதற்குக் ‘குழந்தை நசுக்கி’ என்றே பெயரிட்டனர். 1981-ஆம் ஆண்டில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை மேற்கொண்டன. காப்பிருக்கைகளை முறைப்படி பயன்படுத்துவதால், கார்களிற் செல்லும் ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பு நூற்றுக்கு 71 பங்கும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளோரின் உயிரிழப்பு நூற்றுக்கு 54 பங்கும் குறையும் என்பது அந்நாட்டுப் போக்குவரவுப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை இருக்கை வாராலோ குழந்தைக்குரிய காப்பிருக்கையாலோ பிணியாமல் வண்டி ஓட்டுவோர்க்கு ஆயிரம் ரூபாய் தண்டம் விதிக்கின்றது. எனினும், தண்டத்திற்கு அஞ்சிச் செய்யும் காரியம் காவலர் நிற்கும் சந்தி வரையிலேதான் நிற்கும். காரணத்தை உணர்ந்து செய்வதே நிலைபெறும்.

இனி, எத்தகைய இருக்கையைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஆராய்வோம். குழவியின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, கழுத்தெலும்புகளோ முற்றாதவை. முகம் முன்னோக்கி இருக்குமாயின், மோதலில் உடலை வார்கள் தடுத்து நிறுத்தவும் தலை மட்டும் முன்னே பாய, கழுத்து நைந்துபோகும். பின்னோக்கிய இருக்கையிலோ முதுகும் கழுத்தும் தலையும் ஒருங்கே இருக்கையின் முதுகில் அழுந்துவதால் அத்தாக்கு எங்கும் பரவி வலி குன்றும். விண்வெளி வீரரின் இருக்கையிலிருந்து இக்கருத்தைப் பெற்று, ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1964-ஆம் ஆண்டிற் பின்னோக்கிய குழந்தை இருக்கையை அமைத்துச் சோதித்தார். 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 129-ஆம் விதி, பதினைந்து திங்கள் வரையிலேனும் குழந்தை பின்னோக்கியே அமர்தல் வேண்டும் என்கிறது. இருக்கை இடங்கொடுக்கும் வரையில் அதற்கு மேலும் அவ்வாறே அமர்த்துதல் நன்று. பின்னர் ஐந்து முனை வார்கள் பூட்டிய முன்னோக்கிய இருக்கையும், அதன்பின் உயர்த்தும் இருக்கையும் முறையே வேண்டப்படும். பெரியவர்க்குரிய வார் தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின்மேல் தாழ்ந்தும் பொருந்தும் உயரம் வருங்காறும் பிள்ளைக்கு உயர்த்தும் இருக்கை தேவை. அவ்வுயரம் ஏறக்குறைய 145 முதல் 150 சென்டிமீட்டர் ஆகும். அதற்கு முன்னரே வாரை மட்டும் பூட்டினால் அது கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும்.

வாங்குவோர் அழகிய துணியையும் வண்ணத்தையும் பாராது, நம் நாட்டின் ஏ.ஐ.எஸ்.-072 அல்லது ஐக்கிய நாடுகளின் விதிக்கு இணங்கியது என்னும் முத்திரை உண்டா என்றே முதலிற் பார்த்தல் வேண்டும். பின்னர்த் தம் வண்டியில் அதனைப் பொருத்திப் பார்த்தே வாங்குதல் வேண்டும். ஐசோஃபிக்ஸ் என்னும் கொக்கி வளையங்கள் உள்ள வண்டியிற் பொருத்துதல் எளிது. இல்லாத வண்டியில், அதற்கு ஏற்ற இருக்கையை வண்டியின் வாரினாலேயே இறுகக் கட்டலாம். மோதலுக்கு உள்ளான இருக்கையையும், வரலாறு தெரியாத பழைய இருக்கையையும் விலை மலிவென்று வாங்குதல் ஆகாது.

நல்ல இருக்கையும் தவறாகப் பயன்படுத்தினால் வீணே. கட்டிய இடத்தைப் பற்றி அசைத்தால் அஃது ஓரங்குலத்திற்கு மேல் அசையலாகாது. தோள்வாரை விரல்களாற் கிள்ளினால் மடிப்பு அகப்படலாகாது. பின்னோக்கிய இருக்கையில் அவ்வார் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ, முன்னோக்கியதில் நேராகவோ சற்று மேலாகவோ புறப்படுதல் முறை. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: காற்றுப்பை செயற்படும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருநாளும் வைத்தலாகாது. பெரியவரைக் காக்க இமைப்பொழுதில் வெடித்து விரியும் அப்பை குழவியின் தலைக்குப் பின்னே பேரிடியாய் முடியும். பிள்ளைகளுக்குரிய இடம் பின்னிருக்கையே. நம் வெயிலில் நிறுத்திய வண்டியின் உலோகப் பூட்டு சுடும். அதனைத் தொட்டுப் பார்த்தே பூட்டுக. பூட்டிய குழந்தையை மூடிய வண்டியில் ஒரு நிமிடமும் தனியே விட்டு அகலற்க.

இதற்கு நம்மவர் கூறும் தடைகள் சில. குழந்தை அழும் என்பர். மருந்து புகட்டும்போதும் அழுகின்றதே. அதனால் மருந்தை நிறுத்துகின்றோமா? பிறந்து வீடு திரும்பும் நாள்முதற் பழக்கினால் அழுகை குறையும். நெடுவழியில் இடையிடையே நிறுத்தி எடுத்துக் கொஞ்சினால் குழந்தையும் களைப்பாறும். அருகிலுள்ள இடத்திற்குத்தானே என்பர். எங்கள் ஆலயம் வீட்டினின்று இரண்டே மைல். தேவன் காப்பார் என்பர். அவர் காப்பார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அவர் தந்த அறிவைப் பரண்மேற் போட்டுவிட்டு அவரை வேண்டுதல் விசுவாசம் ஆகாது.

விலை மிகுதி என்னும் தடை ஒன்றே எண்ணத்தக்கது. பல இலட்சம் கொடுத்து வண்டி வாங்குவோர்க்கும், பிள்ளைக்குப் பொற்காப்புப் பூட்டுவோர்க்கும் சில ஆயிரம் பெரிதன்று. ஆனால், பழைய கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கியோர்க்கும், ஆண்டில் இருமுறை வாடகை வண்டி ஏறுவோர்க்கும் அது பாரமே. குழவிக்குரிய இருக்கை ஒரு வீட்டில் ஒன்றரை ஆண்டிற்கு மேற் பயன்படுவதரிது. ஆதலின் ஒவ்வொரு திருச்சபையும் சில இருக்கைகளை வாங்கி, மோதலுக்கு உட்படாதவை என்று குறிப்பேட்டிற் பதிந்து, பிள்ளை பெற்றோர்க்கு இரவலாக வழங்கலாகாதா? நூலை இரவல் தரும் நிலையம் நடத்தும் நமக்கு இதனை நடத்துதல் அரிதன்று. பொருத்தும் முறையை நம் கல்லூரி மாணவர் கற்று, ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்திலே பெற்றோர்க்குக் காட்டலாம். நம் பழைய மாணவருள் வசதியுடையோர் முதல் நான்கு இருக்கைகளுக்குப் பொருளுதவி செய்யின், வரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னரே இப்பணியைத் தொடங்கிவிடலாம்.

காரில்லாத குடும்பங்களே நம் நாட்டில் மிகுதி. அவர் மோட்டார் சைக்கிளிற் குழந்தைகளை ஏற்றிச் செல்வதை யான் மறந்தேனல்லேன். நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பிணைவாரும் தலைக்கவசமும் வேண்டும், விரைவு மணிக்கு 40 கிலோமீட்டரைக் கடத்தலாகாது என 2022-ஆம் ஆண்டில் விதி வகுக்கப்பட்டது. அது தனியே எழுதத்தக்க பொருள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயங்கட்டிய சமாரியனை நாம் போற்றுகின்றோம். காயம் நேராமற் காத்தலும் அவ்வன்பின் பாற்பட்டதே. என் மருமகன் இப்போது பின்னிருக்கையில், தன் இருக்கையிலே பின்னோக்கி அமர்ந்து செல்கின்றான். பாட்டியார் அருகிலமர்ந்து, வாரைத் தாமே கிள்ளிப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்க விடுகின்றார். அவன் நெற்றித் தழும்பு இன்னும் மறையவில்லை. அதனைக் காணுந்தோறும் என் மடியை நினைந்து நாணுகின்றேன்.