டூப்பாகவே இருக்கட்டும்

பெய்ஜிங்கில் ஒரு பழம்பொருள் சந்தையில் கடிகாரம் ஒன்று வாங்கிவந்தேன். பித்தளைக் கூண்டு, நீல எனாமல் பூக்கள், உச்சியில் ஒரு கொக்கு. சியென்லுங் பேரரசர் காலத்துச் சாமான் என்றார் கடைக்காரர். பேரம் பேசிப் பாதி விலைக்கு முடித்து, பழைய சட்டையில் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தேன். சுங்கத்தைத் தாண்டியபோது ஏதோ வீரச்செயல் செய்த நினைப்பு.

வீட்டுக்கு வந்த நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அசலா, டூப்பா?" யாருடைய வீட்டிலிருந்து, எப்படிச் சந்தைக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

1911க்கு முன் செய்யப்பட்ட பழம்பொருள்களைப் பொதுவாகச் சீனாவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஆக, கடிகாரம் அசல் என்றால் நான் கடத்தல்காரன். டூப்பு என்றால் ஏமாளி. இதில் எதைச் சொல்லிப் பெருமைப்படுவது?

2015இல் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகம், ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருட்டுப்போன உமா பரமேஸ்வரி சிலையை இந்தியாவிடம் திருப்பித் தந்தது. "650,000 அமெரிக்க டாலர் கொட்டிக் கொடுத்தவங்க, எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒழுங்கா விசாரிக்க மாட்டாங்களா?" என்று அன்று பொங்கியவன் நான். நம் அம்மன் என்றால் திருட்டு. அடுத்தவன் கொக்கு என்றால் கலை ரசனையா?

"நான் வாங்கலன்னா இன்னொருத்தன் வாங்குவான்" என்கிறார்கள். அருங்காட்சியகமும் இதையே சொல்லியிருக்கலாமே, ஒத்துக்கொண்டிருப்போமா? "ஒன்னு ரெண்டு வாங்குறதுல என்ன லா?" என்கிறார் இன்னொருவர். சந்தை பிழைப்பதே அந்த ஒன்று இரண்டில்தான்.

1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்தின. அங்கிருந்த நீர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு விலங்குத் தலைகள், இரண்டு மணிநேரத்துக்கு ஒன்றாக நீர் பீய்ச்சும். அவற்றில் எலியும் முயலும் 2009இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. 2013இல்தான் சீனாவுக்குத் திரும்பின. சூறையாடியவர்கள் செத்து எத்தனையோ காலமாயிற்று. அதற்குப் பிறகும் கைக்குக் கை விலைபோனது எப்படி? வாங்க ஆள் இருந்ததால்தான்.

இதை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. சீனமொழியில் கடிகாரம் பரிசளிப்பதும் ஒருவருக்கு இறுதிக்கடன் செய்வதும் ஒரே மாதிரி ஒலிக்கும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி வாங்கவே மாட்டார்.

இப்போதெல்லாம் அது டூப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஏமாந்தது என் காசோடு போகும். அசலாக இருந்தால், யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள், பணத்தை எடுப்பதற்கு முன்னால்.