அடையாள அட்டையின் "வி" எங்கே போகிறது?



நம்ம அக்கரப்பத்தனைப் பிள்ளைகள் சிலர் சி மொழி பழகுகிறார்கள். சந்தோஷம். ஆனால் கேட்டதைக் கேட்டபடியே ஆட்கள் டைப் செய்வார்கள் என்று நம்பி நிரல் எழுதும் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை முதல் பாடத்திலேயே தடுக்க வேண்டும்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது கேட்கும் சின்ன நிரல் ஒன்றை எடுப்போம். எல்லாவற்றையும் ஸ்கேன்எப் கொண்டே வாங்குவார்கள். பழைய அட்டையில் 9 இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ். எண்ணாக வாங்கினால் ஸ்கேன்எப் இலக்கங்களை எடுத்துக்கொண்டு, வியை அப்படியே விட்டுவிடும். அடுத்து வயதைக் கேட்கும்போது முன்னால் நிற்பது அந்த வி. ஆள் விரலை வைக்கும் முன்பே நிரல் தாண்டிப் போய்விடும். லூப்புக்குள் என்றால் நிற்காமல் சுற்றும். 2016இல் வந்த புதிய இலக்கத்துக்கு 12 இலக்கம். சாதாரண இன்ட் 2147483647க்கு மேல் தாங்காது. தொலைபேசி இலக்கத்தின் முதல் சைபரும் இப்படித்தான் காணாமல் போகும். கூட்டிக் கழிக்காத இலக்கத்தை எண்ணாக வாங்கவே கூடாது என்பது எங்கள் கட்சி.

பெயர் இன்னும் வேடிக்கை. ஸ்கேன்எப்பில் சொல்லாக வாங்கினால் இடைவெளியோடு நின்றுவிடும். நம்ம வீட்டுப் பையன்களில் பாதிப்பேர் வெறும் முஹம்மது ஆகிவிடுவார்கள். மீதிப் பெயர் அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போகும்!

தமிழில் எழுதினால் அளவும் மாறும். "அக்கரப்பத்தனை" கண்ணுக்கு 9 எழுத்து. யுடிஎப்-8இல் 39 பைட், முடிவுக் குறியோடு 40. 20 பைட் ஒதுக்கிவிட்டு அளவு பார்க்காமல் வாங்கினால், பக்கத்து நினைவகத்தின் மேல் ஏறி எழுதும். இது சின்ன விஷயமல்ல. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மொரிஸ் வோர்ம் நுழைந்த வழிகளில் ஒன்று, அளவு பார்க்காத கெட்ஸ். 2011இன் சி தரத்தில் அதை நீக்கியே விட்டார்கள். பழைய நோட்டுகளின் போட்டோகொப்பியில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எப்கெட்ஸ் கொண்டு, அளவு சொல்லி, முழு வரியாக வாங்குங்கள். வரி முழுதாக வந்ததா, எண் கேட்ட இடத்தில் எண்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் என்ன வேண்டும் என்று தமிழில் சொல்லித் திரும்பக் கேளுங்கள். "பிழையான உள்ளீடு" என்று மட்டும் காட்டுவது ஆளைக் குற்றம் சொல்வது. நாளை இதே பிள்ளைகள் தோட்டக் கந்தோருக்கும் கடைக்கும் நிரல் எழுதுவார்கள். அங்கே பெயர் பாதியில் அறுந்தால், திருத்த அலையப்போவது கொழுந்தெடுத்துவிட்டு வரும் நம்ம அம்மாமார்தான்.

பெற்றோரே, பிள்ளை நிரலைக் காட்டினால், வயது கேட்கும் இடத்தில் "நாற்பது" என்று எழுத்தில் அடித்துப் பாருங்கள். நடந்ததைக் கொமென்டில் சொல்லுங்கள்.